வெட்டாமல் தைக்கலாம்: பழைய கைக்குட்டைகளைச் சேர்த்துக் குயில்ட் ஆக்கும் முழு வழிகாட்டி

என் பாட்டியின், நாங்கள் ஆயா என்று கூப்பிடுபவரின், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கி என் மடியில் வைத்தார். உள்ளே 27 கைக்குட்டைகள். அவற்றில் ஆயா கையில் புழங்கியவை நான்குதான். மற்றதெல்லாம் யார் யாரோ பரிசாகக் கொடுத்து, நல்ல நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைத்து, பெட்டிக்குள்ளேயே மஞ்சளித்துப் போனவை. புழங்கிய நான்கில் ஒன்றின் மூலையில் காசு முடிந்த சுருக்கம் அப்படியே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் டவுனுக்குப் போக ஆயா முடிந்து வைத்த பஸ் காசு.

அந்த 27-இல் தொடங்கி இதுவரை மூன்று குயில்ட் தைத்திருக்கிறேன். தப்புச் செய்து கற்றது பாதி, தையல் ஃபேக்டரியில் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா சொல்லிக் கொடுத்தது மீதி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கும், அல்லது இனிமேல் சேர்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன். குயில்ட் என்பது மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு அட்டை, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தைத்த போர்வை. இதில் மேல்துணிக்கு அழகு தருவது கைக்குட்டை.

எதைத் தேடுவது

கைக்குட்டைக்கும் நமக்கும் உறவு பழையது. பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் ‘புலிகாட்’ என்றார்கள். அங்கிருந்து போன வண்ணக் கைக்குட்டைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கிளாஸ்கோவில் அதைப் பார்த்து நெய்ததற்கும் அந்தப் பெயர்தான். யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘லேஞ்சி’ போர்த்துகீசிய ‘லென்சு’விலிருந்து வந்தது. சென்னைப் பக்கத்தில் நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய மெட்ராஸ் கைக்குட்டை ஒரு கஜம் சதுரம். உடுத்திக்கொள்ளும் அளவு அது. அவ்வளவு பெரியது இந்த வேலைக்கு ஆகாது. நமக்கு வேண்டியது 25 முதல் 30 செ.மீ. சதுரமான பெண்கள் கைக்குட்டை. ஆண்களுடையது 40 செ.மீ.க்கு மேல் போகும். அது பெரும்பாலும் வெள்ளையாகவோ கட்டம் போட்டதாகவோ இருக்கும், கைவசம் இரண்டு மூன்று இருந்தால் கிழிந்ததை உள்ளிருந்து தாங்கவும் ஒட்டுப் போடவும் உதவும்.

1924-இல் க்ளீனெக்ஸ் காகிதம் வந்தது, முகத்தில் பூசிய கிரீமைத் துடைக்க. 1930-களில் அதையே மூக்குச் சிந்தவும் விற்றார்கள். அதன் பிறகும் துணிக் கைக்குட்டை உடனே மறைந்துவிடவில்லை. சொல்லப்போனால் 1940-களிலும் 50-களிலும்தான் அச்சுப் பூக்கள் போட்ட மிக அழகான கைக்குட்டைகள் வந்தன. பெரிய ரோஜா, பான்ஸி, வயலட், ஓரம் முழுக்க அரைவட்ட வளைவுகள் என்று பார்த்தவுடன் தெரியும். குயில்ட்டுக்கு இவைதான் உயிர். துணி இன்னும் திடமாக இருக்கும், சாயமும் பெரும்பாலும் நிற்கும், இருபதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தோட்டம் மாதிரி தெரியும்.

அயர்லாந்து லினன் அடுத்தது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், நூல் ஆங்காங்கே தடித்து மெலிந்து ஓடும், கசக்கினால் மடிப்பு நிற்கும். நல்ல லினன் கைக்குட்டையின் ஓரத்தைக் கையால் சுருட்டித் தைத்திருப்பார்கள். விரல் நுனியால் வருடினால் மெல்லிய கயிறு போல உருண்டையாக இருக்கும், தையல்கள் சற்றே முன்பின்னாக விழுந்திருக்கும். மெஷின் ஓரம் தட்டையாக, ஒரே சீராக இருக்கும்.

மடெய்ரா தீவின் கை எம்ப்ராய்டரியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தீவிலிருந்து ஏராளமான போர்த்துகீசியக் குடும்பங்கள் தென்னாப்பிரிக்காவில் குடியேறியிருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெட்டிகள் கலையும்போது இந்தக் கைக்குட்டைகள் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்கின்றன. வெளிர்நீலத்திலோ பழுப்பிலோ கொடியும் இலையும், நடுநடுவே துளை வேலையும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் ஊர் மெஷின் எம்ப்ராய்டரிக்குப் பேர்போனது. சீனாவின் ஸ்வடோவிலிருந்து நூல் உருவிச் செய்த வேலைப்பாடு வந்தது. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வருடம் பிடிக்கும். தைப்பதற்கு அது தெரிந்தாக வேண்டும் என்பதில்லை.

நினைவுக் கைக்குட்டைகளும் கிடைக்கும். பிரிட்டனின் 1937, 1953 முடிசூட்டு விழாக்கள், 1947-இல் பிரிட்டிஷ் ராஜா குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த பயணம் ஆகியவற்றுக்காக அச்சிட்டவை. சேகரிப்பவர்கள் இவற்றுக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள், அதனால் நான் தைக்காமல் எடுத்து வைக்கிறேன். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பிரான்சிலிருந்து அனுப்பிய பட்டுக் கைக்குட்டைகளையும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பட்டுக்கு எடை கூட்ட உலோக உப்பு ஏற்றுவார்கள். அது உள்ளேயே துணியை அரித்துக்கொண்டிருக்கும், மடிப்பில் தானாகக் கீறிவிடும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போடுங்கள்.

எங்கே கிடைக்கும்

டர்பனில் நான் போகும் வரிசை இது. முதலில் சொந்தக்காரர் வீடு. பெரியம்மா, அத்தை, அடுத்த தெரு ஆண்ட்டி என்று வயதானவர்களிடம் கேளுங்கள். ‘கைக்குட்டை இருக்கா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘கல்யாணத்துக்கு வந்த பெட்டி எதையாவது பிரிக்காமலே வெச்சிருக்கீங்களா, ஆண்ட்டி?’ என்று கேளுங்கள். மூன்று மூன்றாக அட்டைப் பெட்டியில் அடுக்கி ரிப்பன் கட்டி விற்ற காலம் அது. அந்தப் பெட்டி எழுந்து வரும். கொடுப்பவரிடம் யார் கொடுத்தது, எப்போது என்று கேட்டு ஒரு சீட்டில் குறித்து, அந்தக் கைக்குட்டையோடு சேர்த்து ஊசி குத்தி வையுங்கள். பின்னால் அது வேண்டும்.

அடுத்து ஹாஸ்பிஸ், எஸ்.பி.சி.ஏ. போன்ற தர்ம அமைப்புகள் நடத்தும் பழைய சாமான் கடைகள். பெரியா, ஹில்க்ரெஸ்ட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பார்க்கலாம். கைக்குட்டைகளைத் தனியாகத் தொங்கவிட மாட்டார்கள். மேசை விரிப்பு, தலையணை உறை, நாப்கின் கிடக்கும் கூடையின் அடியில் கிடக்கும். மாத ஆரம்பத்தைவிட மாதக் கடைசியில் கூட்டம் குறைவு, நிதானமாகக் கிளறலாம். சர்ச்சிலும் பள்ளிக்கூடத்திலும் ‘ஃபேட்’ என்ற சந்தை நடக்கும் நாளில் சீக்கிரம் போய்விடுங்கள்.

இணைய ஏலத்தில் மொத்தமாக 20, 30 என்று வாங்கலாம். ஆனால் படத்தில் மேலே இருப்பது மட்டும்தான் நன்றாக இருக்கும். ஒவ்வொன்றையும் விரித்துப் படம் கேட்டு வாங்குங்கள்.

ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்

வாங்கும் முன் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். ஊசித்துளை அளவு ஓட்டையும் நூல் மெலிந்த இடமும் நட்சத்திரம் போலத் தெரியும். பிறகு இரண்டு கையாலும் எதிரெதிர் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். காகிதம் கிழிகிற மாதிரி ‘சர்’ என்று சத்தம் வந்தால் இழை செத்துவிட்டது. எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். மஞ்சள் நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் போய்விடும். துருக் கறை பாதி போகும். கறுப்புப் பூஞ்சைப் புள்ளி லேசில் போகாது.

என்ன நூல் என்று சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீ வைத்துப் பாருங்கள், வீட்டில் வந்து, சிங்க் மேல். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாடை, சாம்பல் உதிரும். பட்டு முடி பொசுங்கும் வாடை. உருகி மணியாக இறுகினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். பருத்தியையும் லினனையும் ஒரே குயில்ட்டில் சேர்க்கலாம், நைலானைச் சேர்க்காதீர்கள். இஸ்திரி போடும் சூடு வேறு.

துவைப்பது: அவசரமே கூடாத வேலை

பழைய துணியைக் கெடுப்பது பெரும்பாலும் காலமல்ல, துவைக்கிற கைதான். ஆயாவின் டின்னில் கிடந்ததில் ஒன்றை நான் ‘ஜிக்’ என்ற குளோரின் பிளீச் ஊற்றித் துவைத்தேன். வெள்ளையானது, இரண்டாம் வாரம் மடிப்பில் கீறிவிட்டது. குளோரின் பிளீச் பழைய பருத்தி இழையை அரிக்கும். துருக் கறை மேல் பட்டால் கறையை நிரந்தரமாக்கிவிடும். அதைக் கைக்குட்டை பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

முதலில் சாயச் சோதனை. காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சோப்பு நீரில் நனைத்து, ஒவ்வொரு வண்ணத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் சந்தேகத்துக்குரியவை. பஞ்சில் நிறம் ஏறினால் அந்தக் கைக்குட்டை ஊறக் கூடாது. குளிர்ந்த நீரில் தனியாக அலசி, உடனே டவலில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிடுங்கள். அதைக் குயில்ட்டிலும் சேர்க்காதீர்கள், ஏனென்றால் குயில்ட் ஒருநாள் துவைக்கப்படும்.

சாயம் நின்றால் அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீர் விட்டு, கைக்குட்டைகளை விரித்துப் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும். பழைய பருத்தி தன்னுள் சேர்த்து வைத்த அமிலம் அது, தண்ணீரிலேயே கரையும். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். என் 27-இல் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீராலேயே வெளுத்துவிட்டது.

மிச்ச மஞ்சளுக்கு ஆக்சிஜன் பிளீச் பொடி. சோடியம் பெர்கார்பனேட் என்று பாக்கெட்டில் இருக்கும். 40 டிகிரி வெந்நீரில் பொடியை முழுக்கக் கரைத்த பிறகுதான் துணியைப் போட வேண்டும், பொடி நேராகத் துணி மேல் விழக் கூடாது. நான்கைந்து மணி நேரம் ஊறட்டும். பட்டுக்கு இது கூடாது. பிறகு நன்றாக, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள்.

துருவுக்கு எலுமிச்சை சாறும் உப்பும் தடவி வெயிலில் வைப்பது நம் வீட்டு வழக்கம்தான். காயக் காயச் சாறு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை முழுசாகப் போகாவிட்டால் அலசிவிட்டு மறுநாள் செய்யுங்கள். அமிலத்தைத் துணியில் விட்டு வைக்காதீர்கள்.

கறை போகும்வரை இஸ்திரி வேண்டாம், சூடு பட்டால் கறை ஊன்றிவிடும். நான் காயவைப்பது குளியலறை டைல்ஸில். ஈரக் கைக்குட்டையைச் சுத்தமான டைல்ஸ் மேல் ஒட்டி, லேஸை விரலால் ஒவ்வொரு வளைவாக விரித்துவிட்டால், காய்ந்து தானாக உரிந்து வரும்போது இஸ்திரி போட்டது போல இருக்கும். எம்ப்ராய்டரி உள்ளதை இஸ்திரி போட்டே ஆக வேண்டும் என்றால் தடித்த டவல் மேல் கவிழ்த்துப் போடுங்கள், பூ நசுங்காது.

வெட்டுவதா வேண்டாமா

பல குயில்ட் புத்தகங்கள் கைக்குட்டையைச் சாதாரணத் துணி மாதிரி சதுரமாக வெட்டச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைக்குட்டை ஏற்கெனவே முடிந்த பொருள். ஒருவர் அதன் ஓரத்தைச் சுருட்டித் தைத்திருக்கிறார், ஒருவர் லேஸ் பின்னியிருக்கிறார். நாலு ஓரத்தையும் வெட்டி எறிந்தால் மிஞ்சுவது கஜக் கடையில் வாங்கும் பூப்போட்ட துணி. முழுசாக ஒரு வெறுந்துணிச் சதுரத்தின் மேல் வைத்துத் தையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பழைய கைக்குட்டையும் உண்மையில் சதுரமாக இருக்காது. பாவும் ஊடும் துவைக்கத் துவைக்க வெவ்வேறு அளவில் சுருங்கியிருக்கும். நாலு பக்கமும் அளந்து பாருங்கள், 28, 28.5, 27.6, 28.2 என்று வரும். வெட்டிச் சேர்த்தால் இந்தக் கோணல் ஒவ்வொரு தையலிலும் கூடிக்கொண்டே போய்ப் போர்வையே இழுத்துக்கொள்ளும். வெறுந்துணி சரியான சதுரமாக இருந்து, கைக்குட்டை அதன் மேல் தன் போக்கில் உட்கார்ந்திருந்தால் கோணல் யார் கண்ணிலும் படாது. போர்வையைக் கைக்குட்டைக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும் என்பதை நான் இரண்டாவது குயில்ட்டில்தான் புரிந்துகொண்டேன்.

கணக்கு

20 கைக்குட்டை, குறுக்கே 4, நீளவாக்கில் 5. ஒற்றைக் கட்டிலுக்குப் போதும்.

வெறுந்துணியை 36 செ.மீ. சதுரங்களாக 20 வெட்டுங்கள். 150 செ.மீ. அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 4 அடங்கும், ஐந்து வரிசைக்கு 180 செ.மீ. சுருக்கத்துக்குச் சேர்த்து 2 மீட்டர் வாங்குங்கள். கைக்குட்டையைத் தைத்த பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் 34.5 செ.மீ.க்குக் கத்தரிப்போம். 0.75 செ.மீ. தையல் விட்டு இணைத்தால் ஒவ்வொன்றும் 33 ஆகும், மொத்தம் 132-க்கு 165. சுற்றிலும் 12 செ.மீ. பார்டர் வைத்தால் முடிந்த அளவு 156-க்கு 189.

பார்டருக்கு 13.5 செ.மீ. அகலப் பட்டை நான்கு. பக்கவாட்டுக்கு 166.5 நீளத்தில் இரண்டு, மேலும் கீழும் 157.5 நீளத்தில் இரண்டு. இவற்றையும் ஓரம் கட்டும் 6 செ.மீ. பட்டைகள் நான்கையும் ஒரே துணியில் நீளவாக்கில் வெட்டலாம். மொத்த அகலம் 78 செ.மீ.தான் ஆகிறது, அதனால் 90 செ.மீ. அகலம் மட்டுமே வரும் ஷ்வேஷ்வே என்ற தென்னாப்பிரிக்க அச்சுத் துணியிலும் 2 மீட்டரில் முடித்துவிடலாம். அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். 240 செ.மீ. அகலத் துணியில் 2 மீட்டர் எடுத்தால் நடுவில் ஒட்டு வராது. பஞ்சு அட்டையும் அதே அளவு.

வெறுந்துணிக்கு வெள்ளை அல்லது மோர் நிறப் பருத்தி பாப்ளின். விக்டோரியா ஸ்ட்ரீட், கிரே ஸ்ட்ரீட் பக்கம் துணிக்கடைகளில் கேளுங்கள் (கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், ஆனால் எங்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான்). பாலியெஸ்டர் கலப்பு வேண்டாம், பழைய பருத்தி சுருங்கும்போது அது கூடச் சுருங்காது.

பார்டருக்கு இந்த மண்ணின் ஷ்வேஷ்வே எனக்கு மிகப் பிடிக்கும். அவுரி நீலத்தில் பொடிப் பொடி வெள்ளைப் புள்ளிகள், அதன் பக்கத்தில் பழைய வெள்ளை லேஸ் பளிச்சென்று தெரியும். மான்செஸ்டரில் அச்சாகிக்கொண்டிருந்த ‘த்ரீ கேட்ஸ்’ வகையின் உரிமையையும் செம்பு உருளைகளையும் 1992-இல் ஈஸ்டர்ன் கேப்பின் டா காமா ஆலை வாங்கிக்கொண்டது. கடையிலிருந்து வரும்போது கஞ்சி ஏறி விறைப்பாக இருக்கும். அவுரி நீலத்தின் குணப்படி முதல் சில துவைப்பில் சாயம் விடும், சுருங்கவும் செய்யும். தண்ணீர் தெளியும்வரை துவைத்த பிறகே வெட்டுங்கள்.

எந்த வண்ணத் துணியானாலும் இதைச் செய்யுங்கள். என் முதல் குயில்ட்டுக்கு அரக்குச் சிவப்புப் பார்டர் வைத்தேன், துவைக்காமல். முடித்த சந்தோஷத்தில் தண்ணீரில் போட்டேன். ஓரத்தில் இருந்த ஆறு கைக்குட்டைகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. அன்று அழுதேன். பதறிப்போய் வெயிலில் காயப்போட்டது இரண்டாவது தப்பு. சாயம் ஏறிய துணியைக் காயவிடக் கூடாது. ஈரமாகவே வைத்து, நிறைய வெந்நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊறவைத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும்.

கைக்குட்டையைத் துணியில் உட்கார வைப்பது

பழைய கைக்குட்டை மெல்லியது, ஊசி பட்டதும் நழுவும். பின்னால் வைலீன் என்ற பசைத் துணியை ஒட்டச் சொல்வார்கள். சூட்டில் ஒட்டும் பசை நாளாக நாளாக என்ன ஆகும் என்ற கவலையில் நான் ஒட்டுவதில்லை. கஞ்சி ஸ்ப்ரே அடித்து இஸ்திரி போடுங்கள், காகிதம் போல நிற்கும், கடைசித் துவைப்பில் கரைந்து போய்விடும். கீழே உள்ள வெறுந்துணி நிழலாடும் அளவுக்குக் கைக்குட்டை மெல்லியதாக இருந்தால், ஆண்கள் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை ஓரம் தெரியாமல் சற்றுச் சிறிதாக வெட்டி அடியில் வையுங்கள்.

வெறுந்துணிச் சதுரத்தை நான்காக மடித்து இஸ்திரி போட்டால் நடுவே கூட்டல் குறி விழும். கைக்குட்டையையும் மெதுவாக அப்படி மடித்து, இரண்டு குறியையும் பொருத்துங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவிக்கொண்டே குண்டூசி குத்துங்கள். இழுத்துச் சதுரமாக்கப் பார்க்காதீர்கள். பிறகு நீள நீளமான ஓட்டுத் தையலில், மூன்று வரி நெடுக்கே, மூன்று வரி குறுக்கே, பின்னால் பிரித்துவிடும்படி தையுங்கள். இந்த வேலை அலுப்பாக இருக்கும். ஆனால் இதை விட்டால் ஓரம் தைக்கும்போது நடுவில் கொப்புளம் எழும்.

இப்போது ஓரம். சுருட்டித் தைத்த ஓரம் என்றால் அந்த உருண்டைக்கு ஒட்டினாற்போல் உட்பக்கமாகத் தையுங்கள், அதன் மேல் ஏறினால் நசுங்கிவிடும். மெஷினில் 70 நம்பர் மெல்லிய ஊசி, 50 நம்பர் பருத்தி நூல், தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ. வளைவு ஓரத்துக்குக் கைத்தையல்தான் சரி. ஒவ்வொரு வளைவின் பள்ளத்திலும் ஒரு சின்ன எம்மிங் தையல், முகட்டில் ஒன்று. லேஸ் வைத்ததில் லேஸைத் தைக்காதீர்கள். லேஸ் துணியோடு சேரும் கோட்டில் மட்டும் தைத்து, லேஸைச் சும்மா விடுங்கள். கட்டிலில் விரித்தால் அது தானாக மேலெழும்பி நிற்கும், குழந்தைகள் விரலால் வருடிக்கொண்டே தூங்குவார்கள். பெரிய கண்ணி உள்ள குரோஷா லேஸ் மட்டும் வளையலில் மாட்டும், அதை முனைக்கு முனை ஒரு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

இருபதும் முடிந்ததும் தரையில் பரப்புங்கள். நான் ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுவேன், வீட்டார் சுற்றிப் போவார்கள். அடர் வண்ணங்களை நாலு மூலைக்கும் நடுவுக்கும் பிரித்துப் போடுங்கள், வெள்ளை லேஸ்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது துருத்துகிறது என்று தெரியும். பிறகு, கைக்குட்டை நடுவில் வரும்படி நான்கு பக்கமும் சரிபார்த்து 34.5-க்குக் கத்தரித்து இணையுங்கள்.

கிழிந்தவை

நடுவில் ஓட்டை, ஓரம் அழகு. இப்படிப்பட்டதைத்தான் நான் வெட்டுவேன். நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் திருப்பி, எம்ப்ராய்டரி மூலைகள் நான்கும் நடுவில் சந்திக்கும்படி வைத்தால் வெட்டிய பக்கமெல்லாம் வெளியே தையலுக்குள் போய்விடும். ஓட்டையும் பெரும்பாலும் அதோடு போகும். நான்கு மூலைப் பூவும் சேர்ந்து கோலம் போல நிற்கும்.

இன்னொரு வழி பட்டாம்பூச்சி. கைக்குட்டையை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நடுவில் கொசுவம் வைத்து இறுக்கினால் இரண்டு பக்கமும் இறக்கை விரியும். கறை இருக்கும் இடத்தைக் கொசுவத்துக்குள் ஒளித்துவிடலாம். உடலையும் மீசையையும் சங்கிலித் தையலில் போடுங்கள்.

மூன்று அடுக்கையும் சேர்ப்பது

பார்டர் தைத்ததும் அடித்துணியைக் கவிழ்த்து விரித்துத் தரையில் டேப் ஒட்டுங்கள், மேலே பஞ்சு அட்டை, அதன் மேல் முகம் தெரிய மேல்துணி. பஞ்சு மெல்லியதாக, பருத்தி அதிகமுள்ளதாக இருக்கட்டும். டர்பன் குளிருக்கு அதுவே தாராளம், தடிமனானது கைக்குட்டையை இழுக்கும். ஒரு கையகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள், வெறுந்துணியில் மட்டும். பழைய இழையில் பின் போட்ட ஓட்டை மூடாது.

முதலில் சதுரங்கள் சேரும் தையல் கோட்டின் பள்ளத்திலேயே மெஷின் ஓட்டுங்கள். அடுத்து ஒவ்வொரு கைக்குட்டையையும் சுற்றி, வெளிப்பக்கமாக, அரை செ.மீ. தள்ளி ஒரு வரி. உள்ளே எவ்வளவு தைப்பது என்பது பஞ்சைப் பொறுத்தது. தையலுக்குத் தையல் எத்தனை செ.மீ. இடைவெளி விடலாம் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பார்கள். அச்சுப் பூவின் வெளிக்கோட்டைப் பின்பற்றிக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் பூ புடைத்து நிற்கும், அதற்கு ஈடில்லை. நெருக்கமாக வளைந்து வளைந்து மெஷின் ஓட்டுவது புதுத் துணிக்குச் சரி, பழைய லினனைச் சல்லடையாக்கிவிடும்.

கடைசியாக ஓரப் பட்டை. நான்கையும் இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங். சுற்றளவு 690 செ.மீ. இரண்டு மூன்று மாலைகளில் முடியும்.

பெயர் எழுதுங்கள், மடிப்பை மாற்றுங்கள்

சீட்டில் குறித்து வைத்தீர்களே, அது இப்போது. ஒரு வெள்ளைத் துணித் துண்டில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் யாருடைய கைக்குட்டை என்று துவைத்தாலும் அழியாத துணிப் பேனாவால் எழுதி, பின்பக்க மூலையில் தையுங்கள். தமிழில் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அந்தச் சீட்டில் ஆயாவின் பெயரைக் கூட்டிப் படித்ததுதான் என் மகளுக்கு முதல் தமிழ் வாசிப்பு.

சலவை ஆண்டுக்கு ஒருமுறை போதும், குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில், கையால். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்குங்கள், ஈரப் பஞ்சின் எடை தையலைப் பிய்க்கும். கயிற்றில் தொங்கவிடாமல் புல்லில் விரிப்பு போட்டுக் காயவையுங்கள். பாலிதீன் பையில் போட்டு வைக்காதீர்கள், டர்பன் ஈரக்காற்றுக்கு மார்ச்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். மரத் தட்டில் நேராகவும் வைக்க வேண்டாம், மரத்தின் அமிலம் மஞ்சளாக்கும். துவைத்த பழைய மல் துணியில் சுற்றினால் போதும். கஞ்சி மிச்சமிருந்தால் ராமபாணம் தேடி வரும். இங்கே ஃபிஷ்மாத் என்பார்கள், கஞ்சியை விரும்பித் தின்னும்.

ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்ற வீட்டைக் கழுவும் வாரம்தான் நான் குயில்ட்டுகளை வெளியே எடுப்பது. இங்கே அப்போது குளிர்காலம், காற்று காய்ந்து கிடக்கும். நிழலில் அரைநாள் விரித்து வைத்துவிட்டு, சென்ற வருடம் மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு கோட்டில் மடிப்பேன். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் அங்கேதான் முதலில் இற்றுப்போகும். ஆயாவின் பஸ் காசுக் கைக்குட்டை மூன்றாவது வரிசையில் இருக்கிறது. தைக்கும்போது அந்த ஒரு மூலைக்கு மட்டும் நான் இஸ்திரி போடவில்லை.